நல்லது செய்யப் போய்க் கெடுதல் விளைகிறதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். குழந்தைகளை வேலைக்கு வைப்பதாகச் செய்தி வந்த நிறுவனங்களின் ஆடைகளை நீங்கள் வாங்குவதில்லை. உடுத்தாத துணிகளை வெளிநாட்டு ஏழைகளுக்குப் போய்ச் சேரும் என்று நன்கொடைப் பெட்டியில் போடுகிறீர்கள். உழவருக்கு நியாயமான விலை போய்ச் சேர்வதாகச் சான்று சொல்லும் நியாய வணிக முத்திரை உள்ள காபியாகப் பார்த்து வாங்குகிறீர்கள். பொருளாதாரம் படித்த நண்பர் ஒருவர், "இவை மூன்றுமே ஏழைகள் வயிற்றில் அடிக்கும் காரியங்கள், பேசாமல் மலிவானதை வாங்கிக்கொண்டு இரு" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனத்தில் இருப்பது கடைசி வரியில்தான் தெரிகிறது: எது உதவி, எது உபத்திரவம் என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா? அந்தக் கடைசி வரிக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

வளர்ச்சிப் பொருளாதாரம் என் படிப்பு. உதவித் திட்டங்கள் நினைத்த பலனைத் தந்தனவா என்று மதிப்பீடு செய்வது என் தொழில். பல ஆண்டுகளாக இதிலேயே இருப்பதால் உங்கள் நண்பரின் வாதம் எனக்கு நன்கு பழக்கமானது. அதில் பாதி உண்மை. நல்லெண்ணத்தோடு தொடங்கிய காரியம், யாருக்காகத் தொடங்கினோமோ அவர்கள் தலையிலேயே விடிந்ததற்கு ஆதாரங்கள் இருக்கின்றன. "ஆகவே ஒன்றும் செய்யாதே" என்ற மறுபாதிக்கு அந்த ஆதாரங்கள் இடம் தருவதில்லை. கெடுதல் எல்லா இடத்திலும் விளையவில்லை. பெரும்பாலும் அது விளைந்தது, ஒருவருடைய பிழைப்பைப் பறித்துவிட்டு அந்த இடத்தில் வேறெதையும் வைக்காமல் போனபோது. அதற்கு அடுத்தபடி, ஒருவர் விற்றுப் பிழைக்கும் பொருளை இன்னொருவர் இலவசமாகக் கொண்டுவந்து கொட்டியபோது.

உங்கள் முதல் பழக்கத்துக்கு நேராகப் பொருந்தும் வரலாறு வங்கதேசத்தில் இருக்கிறது. 1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், 15 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் செய்த பொருள்களை அமெரிக்காவில் இறக்குமதி செய்யத் தடை விதிக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது கடைசிவரை சட்டமாகவில்லை. ஆனால் வங்கதேச ஆயத்த ஆடைத் தொழிலுக்கு அமெரிக்கா மிகப் பெரிய சந்தை. சந்தை கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சமே போதுமானதாக இருந்தது. ஆலை முதலாளிகள் குழந்தைகளை வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். அப்படி வேலை இழந்தவர்கள் ஏறத்தாழ 50,000 பேர், பெரும்பாலும் சிறுமிகள், என்று 1997இல் வெளிவந்த யுனிசெஃப் அறிக்கை சொன்னது. இது ஒரு மதிப்பீடு. தலையை எண்ணி எடுத்த கணக்கு அன்று. அவர்கள் எங்கே போனார்கள் என்பதைப் பின்தொடர்ந்து பார்த்தவர்கள் கண்டது வலுவான செய்தி: பலர் பள்ளிக்குப் போகவில்லை. கல் உடைக்கப் போனார்கள், தெருவில் கிடைத்ததைச் செய்து காசு தேடினார்கள், சிலர் பாலியல் தொழிலில் போய் விழுந்தார்கள்.

இந்த மாற்றத்தை அருகில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கொடுமை விளங்கும். ஆடை ஆலையில் குழந்தைகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் உதவியாள் வேலை. தைத்து முடித்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைச் சிறு கத்தரியால் வெட்டுவது, வெட்டிய துணிகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு எடுத்துப் போவது. நேரம் நீண்டது, கூலி சொற்பம். எந்தக் குழந்தையும் செய்யக் கூடாத வேலை என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் தலைக்கு மேல் கூரை இருந்தது, மாதம் பிறந்தால் சம்பளம் இருந்தது. வங்கதேசத்தில் கல் உடைப்பது என்பது பெரும்பாலும் செங்கல் உடைப்பதுதான். கருங்கல் அரிதான வண்டல் பூமி அது. கான்கிரீட்டுக்கு வேண்டிய ஜல்லியைச் செங்கல்லை உடைத்தே எடுப்பார்கள். வெயிலில் தரையில் உட்கார்ந்து, கையால் செங்கல்லைப் பிடித்து, சுத்தியலால் அடிக்க வேண்டும். தூள் கண்ணிலும் நெஞ்சிலும் ஏறும். உடைத்த அளவுக்குத்தான் கூலி.

அதே நாட்டில் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். வாதத்துக்காக இந்தக் கதையை எடுப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். 1995 ஜூலையில் ஆடை ஏற்றுமதியாளர் சங்கமும் யுனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இடம் கிடைக்கும் பள்ளி தயாராகும்வரை எந்தக் குழந்தையையும் நீக்கக் கூடாது. பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு மாதம் 300 டாக்கா (வங்கதேச நாணயம்) உதவித்தொகை. குழந்தை விட்டுவந்த வேலையைக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்குத் தர முயல வேண்டும். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆலைகளில் மிஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 10,500 குழந்தைகள். அவர்களில் பெரும் பகுதியினர் பள்ளிக்குப் போனார்கள். முன்னால் நீக்கப்பட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவே இல்லை. இரண்டு முறையும் நோக்கம் ஒன்றுதான், நடத்திய வரிசை வேறு. முதலில் கதவைச் சாத்திவிட்டுப் பிறகு மாற்று வழி தேடினார்கள். 1995இல் வழியைத் திறந்துவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். என் தொழிலில் நான் உறுதியாக நம்பும் ஒன்று உண்டென்றால் அது இந்த வரிசைதான்.

இதன் பின்னாலிருக்கும் பொருளாதாரம் எளிது. பெரும்பாலான பெற்றோர் குழந்தையை வேலைக்கு அனுப்புவது பெரியவர்களின் கூலி போதாதபோது. கௌசிக் பாசுவும் ஃபாம் ஹோவாங் வானும் 1998இல் எழுதிய கட்டுரை இதைக் கணக்காக வடித்துக் காட்டியது. அவர்கள் வாதப்படி, நாடு முழுவதும் குழந்தை உழைப்பு ஒரே நேரத்தில் விலகினால் பெரியவர்களின் கூலி உயரலாம்; உயர்ந்தபின் குழந்தையை அனுப்பும் தேவையே இல்லாமல் போகலாம். ஆக, தடை என்றாலே தீங்கு என்று கோட்பாடு சொல்லவில்லை. தீங்கு வருவது அரைகுறைத் தடையில்: ஒரு துறையை மட்டும், ஒரு நாட்டின் ஏற்றுமதியை மட்டும் மூடும்போது. இந்தியாவின் 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை ஆராய்ந்த பரத்வாஜ், லக்டவாலா, லீ ஆகியோர் கண்டதும் இதையொட்டியதே. சட்டம் சில தொழில்களை மட்டும் தடை செய்தது, அமலாக்கமும் பலவீனம். பிடிபட்டால் அபராதம் என்ற அபாயத்தை முதலாளிகள் குழந்தையின் கூலியில் கழித்துக்கொண்டார்கள். கூலி குறைந்த குடும்பம் பசியாற, குழந்தைகள் கூடுதலாக வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. தண்டனை ஏட்டில் இருந்தும் கண்காணிப்பு இல்லாத சட்டம், சட்டமே இல்லாத நிலையைவிடவும் ஏழைக்கு மோசமாகலாம் என்று இந்த ஆய்வைப் படித்தபின் நினைக்கத் தொடங்கினேன்.

காங்கோவில் நடந்தது இன்னும் கடுமையானது. கிழக்குக் காங்கோவின் சுரங்கங்களிலிருந்து வரும் வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவை ஆயுதக் குழுக்களுக்குப் பணம் தருகின்றன என்று மேலை நாடுகளில் பெரும் பிரசாரம் நடந்தது. குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. 2010இல் அமெரிக்கா நிறைவேற்றிய டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502ஆம் பிரிவு, தம் பொருளில் உள்ள இந்தக் கனிமங்கள் காங்கோவிலிருந்தோ அதன் அண்டை நாடுகளிலிருந்தோ வந்தனவா என்று நிறுவனங்கள் வெளிப்படுத்த வேண்டும் என்றது. சட்டம் எதையும் தடை செய்யவில்லை. ஆனால் எந்தச் சுரங்கம் சுத்தம், எது அசுத்தம் என்று பிரித்தறியும் ஏற்பாடு அன்று இல்லாததால், பல நிறுவனங்கள் காங்கோவே வேண்டாம் என்று ஒதுங்கின. காங்கோ அரசும் 2010 செப்டம்பரிலிருந்து 2011 மார்ச் வரை கிழக்கு மாகாணங்களில் சுரங்கத் தொழிலை நிறுத்திவைத்தது. கைக்கருவிகளால் மண் தோண்டிப் பிழைத்த ஏராளமான குடும்பங்களின் வருமானம் நின்றுபோனது.

ஆயுதக் குழுக்கள் என்ன செய்தன என்பதுதான் யாரும் யோசிக்காத பகுதி. சுரங்கம் ஓடியவரை அவர்களுக்குத் தோண்டுபவர்களிடம் வரி வசூலிப்பது லாபம். தோண்டுபவர்கள் உயிரோடு, வேலையோடு இருக்க வேண்டும். சுரங்கம் நின்றதும் அந்தக் கட்டுப்பாடு போயிற்று. கிராமங்களைக் கொள்ளையடிப்பது கூடியதை டொமினிக் பார்க்கரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் தரவுகளோடு காட்டினார்கள். கட்டுப்பாட்டுக்கு உள்ளான சுரங்கங்களுக்கு அருகிலுள்ள ஊர்களில் சிசு மரணம் குறைந்தது 143 சதவீதம் கூடியது என்பது அவர்களது இன்னொரு ஆய்வின் முடிவு. இந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பேன். போர் நடக்கும் இடத்தில் எடுத்த வீட்டுக் கணக்கெடுப்புகளிலிருந்து பெற்ற மதிப்பீடு அது. பிழை வரம்பு அகலமாகத்தான் இருக்கும். கெடுதல் நடந்தது என்ற திசையில் எனக்குச் சந்தேகமில்லை. 2014இல் காங்கோவை அறிந்த 70 வல்லுநர்கள் கையெழுத்திட்டு வெளியிட்ட பகிரங்கக் கடிதமும் இந்த அணுகுமுறையை வெளிப்படையாக விமர்சித்தது.

இனி உங்கள் துணிப் பெட்டி. நன்கொடையாகப் போட்ட துணி நேராக ஓர் ஏழையின் கைக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி வணிகச் சரக்கு. தொண்டு நிறுவனங்கள் தம் கடைகளில் விற்றது போக மிச்சத்தை மொத்த வியாபாரிகளுக்கு எடைக்குப் போடுகின்றன. அவர்கள் தரம் பிரித்து, அழுத்திக் கட்டி, பொதிகளாகக் கப்பலேற்றுகிறார்கள். கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள கன்டமாண்டோ சந்தையில் ஒரு பொதி ஏறத்தாழ 55 கிலோ இருக்கும். சிறு வியாபாரி, பெரும்பாலும் ஒரு பெண், கடன் வாங்கியாவது அதைப் பிரிக்காமலேயே விலைக்கு எடுக்க வேண்டும். கட்டை அறுத்துப் பார்க்கும்போதுதான் தெரியும், உள்ளே இருப்பது விற்கத்தக்க சட்டையா, கறைபட்டுக் கிழிந்த கந்தலா என்று. கந்தல் கூடினால் அன்றே நஷ்டம். குப்பையை அகற்றும் வேலையும் அந்த நகரத்தின் தலையில். தூரத்து நாட்டில் பெட்டிக்குள் கந்தலைப் போட்டவருடைய நல்லெண்ணம் இந்தப் பெண்ணின் கடன் கணக்கில் வந்து முடிகிறது.

உள்ளூர்த் தையல் தொழிலுக்கு இதனால் என்ன ஆயிற்று? கார்த் ஃப்ரேஸர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, 1981 முதல் 2000 வரை ஆப்பிரிக்காவில் ஆடை உற்பத்தி சரிந்ததில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கும், அத்துறையில் வேலைவாய்ப்பு சரிந்ததில் ஏறத்தாழ 50 சதவீதத்துக்கும் பழைய துணி இறக்குமதியே காரணம் என்றது. நல்ல ஆய்வுதான். ஆனால் அதே ஆண்டுகளில் பல ஆப்பிரிக்க நாடுகள் இறக்குமதி வரிகளைக் குறைத்தன, அரசு ஆலைகள் மூடப்பட்டன, ஆசியப் புதுத் துணியும் மலிவாக வந்து இறங்கியது. இவற்றின் பங்கைத் துல்லியமாகப் பிரித்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய துணிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை ஏற்கிறேன், பாதி என்பதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். இன்னொரு சிக்கலும் உண்டு: இன்று பழைய துணியை வாங்கி, மாற்றித் தைத்து, சாயமேற்றி, விற்றுப் பிழைப்பவர்களே பெருங்கூட்டம். இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினால் அவர்கள் பிழைப்பு போகும். 2016இல் ருவாண்டா பழைய துணிக்கான வரியைக் கிலோவுக்கு 0.20 டாலரிலிருந்து 2.50 டாலராக ஏற்றியது. பதிலுக்கு 2018இல் அமெரிக்கா அந்நாட்டு ஆடைகளுக்குத் தந்திருந்த வரிச் சலுகையை நிறுத்திவைத்தது. ஏழை நாடு தன் சந்தையைத் தானே சீர்செய்யவும் எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இவற்றோடு சேராத மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத் தோன்றுகிறது. உதவிப் பணம் எந்தத் துயரத்துக்காக வருகிறதோ, அந்தத் துயரத்தையே உற்பத்தி செய்ய அது தூண்டிவிடலாம். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே அனாதை இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அவற்றிலிருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகளும் நன்கொடையாளர்களும் அனாதைக் குழந்தைகளுக்குப் பணம் தரத் தயாராக இருந்தார்கள். வறுமையில் வாடும் தாய் தகப்பனுக்குத் தர அந்த அளவுக்கு யாரும் முன்வரவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு அந்தக் குடும்பத்துக்கே போயிருந்தால் பிள்ளை வீட்டிலேயே வளர்ந்திருக்கும். இதைப் பற்றி நிதானமாகப் பேச என்னால் முடிவதில்லை.

இவ்வளவும் உங்கள் நண்பருக்குச் சாதகமான சாட்சி. ஆனால் இதே அளவு உழைத்து எடுத்த ஆய்வுகள் எதிர்த்திசையிலும் இருக்கின்றன. கொசுவலை ஓர் உதாரணம். இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், மீன் பிடிக்கப் பயன்படுத்துவார்கள், வலை விற்பவர் கடையை மூடுவார், ஆகவே சிறு விலையாவது வைக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் அறிவாளிகள் பலர் அடித்துச் சொன்னார்கள். மேற்குக் கென்யாவில் ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் டூப்பாவும் மகப்பேறு மருத்துவமனைகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இலவச வலைக்கு வெறும் 0.60 டாலர் விலை வைத்ததும், வாங்குபவர்கள் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்கள் வலையைக் குறைவாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. டூப்பாவின் அடுத்த ஆய்வில், முதல் வலையை மலிவாகப் பெற்றவர்கள் பின்னாளில் காசு கொடுத்து வாங்கவும் கூடுதலாக முன்வந்தார்கள். 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்ட மலேரியா நோய்த் தொற்றுகள் 66 கோடிக்கும் மேல்; அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கொசுவலையால் என்று ஒரு விரிவான மதிப்பீடு சொல்கிறது. பக்கவிளைவுக்குப் பயந்து இலவச வலையை நிறுத்தியிருந்தால், அந்தப் பயத்துக்கு விலையாகக் குழந்தைகளின் உயிர் போயிருக்கும்.

ஆடை, காலணித் தொழிலிலும் புறக்கணிப்பு வேறு, அழுத்தம் வேறு. 1990களில் இந்தோனேசியாவில் நைக்கி, அடிடாஸ், ரீபாக் ஆகியவற்றுக்குச் சரக்கு செய்து கொடுத்த ஆலைகளின்மீது ஆர்வலர்கள் அழுத்தம் கொடுத்தார்கள். ஹாரிசனும் ஸ்கோர்ஸும் அந்த ஆலைகளின் கணக்கை ஆராய்ந்தபோது, கூலி கணிசமாக உயர்ந்திருந்தது. வேலைவாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. லாபம் குறைந்தது, சிறிய ஆலைகள் சில மூடின. அதையும் அவர்கள் மறைக்கவில்லை. இங்கே ஆர்வலர்கள் கேட்டது "இந்த நாட்டை விட்டு ஓடு" என்பதை அன்று. "இங்கேயே இருந்து நியாயமான கூலி கொடு" என்பதை. வங்கதேசத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

கினோவா தானியத்தின் கதை இன்னும் கவனிக்கத் தக்கது. 2013 வாக்கில், மேலை நாட்டார் அதை வாங்கிக் குவிப்பதால் விலை ஏறி, பெரு, பொலிவிய மலை மக்கள் தங்கள் சொந்த உணவையே உண்ண முடியாமல் தவிக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. மனசாட்சியுள்ள பலர் வாங்குவதை நிறுத்தலாமா என்று தயங்கினார்கள். பிறகு பெருவின் குடும்பக் கணக்கெடுப்புகளை வைத்து மார்க் பெல்மேரும் சகாக்களும் பார்த்தபோது, விலையேற்றம் அந்தப் பகுதிக் குடும்பங்களின் நல்வாழ்வைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. விளைவிக்காத குடும்பங்களுக்கும் அந்தப் பணம் சுற்றி வந்து சேர்ந்திருந்தது. உண்மையில் உழவர்களை வாட்டியது 2014க்குப் பிறகு விலை சரிந்ததுதான். எதிர்பாராத கெடுதலைத் தடுக்கப் போகிறேன் என்று வாங்குவதை நிறுத்துவதே கெடுதலாகிவிடும் நிலை அது.

அதனால்தான் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1991இல் விடுத்த எச்சரிக்கையை நான் மறப்பதில்லை. ஏழைக்கு நன்மை தரும் எந்தச் சீர்திருத்தம் வந்தாலும், "இது நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிராகத்தான் முடியும்" என்று சொல்லித் தடுப்பது இருநூறு ஆண்டுப் பழக்கம் என்று அவர் காட்டினார். அந்த வாதம் சில சமயம் உண்மையாகிறது. ஆதாரம் கேட்காமலே ஒப்புக்கொள்ளப்படுகிறது என்பதுதான் அதன் ஆபத்து. உங்கள் நண்பரிடம் சண்டை வேண்டாம். எந்த இடத்தில், யாருக்கு, எந்த வழியாகக் கெடுதல் வருகிறது என்று மட்டும் கேளுங்கள். அவரால் வழியைக் காட்ட முடிந்தால் காது கொடுங்கள்.

மதிப்பீட்டுத் தொழிலின் ஒரு குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் களத்துக்கு எடுத்துப் போகும் படிவங்களில் பயனாளிக்குப் பல பக்கம் இருக்கும்: பொருள் கிடைத்ததா, பயன்பட்டதா, திருப்தியா. அதே பொருளை அதே ஊரில் முன்பு விற்றுக்கொண்டிருந்தவருக்கு ஒரு கட்டம்கூட இருக்காது. அவர் பயனாளி இல்லை, ஆகவே பட்டியலில் இல்லை, ஆகவே பேட்டியில் இல்லை. துணி வாங்கிய குடும்பம் சிரித்த முகத்தோடு அறிக்கையின் அட்டையில் இருக்கும். தையற்காரர் வேறு ஊருக்கு வேலை தேடிப் போயிருப்பார். எதிர்பாராத விளைவு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, எதிர்பார்த்திருக்கக் கூடியது, கேட்காமல் விட்டது. எல் சால்வடாரில் இலவசக் காலணி வழங்கிய திட்டம் ஒன்றைத் தனியாக ஆய்வுக்கு உட்படுத்தியபோது, ஆய்வாளர்கள் உள்ளூர்க் காலணிக் கடைகளின் விற்பனையையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பாதிப்பு சிறியது, புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லத்தக்க அளவில் இல்லை என்று தெரிந்தது. கேட்டதால்தான் அதுவும் தெரிந்தது.

பணமாகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் குறைகிறது என்பதற்கு இப்போது வலுவான ஆதாரம் இருக்கிறது. கென்யாவில் 653 கிராமங்களில் நடந்த ஆய்வு ஒன்றில் 10,500 ஏழைக் குடும்பங்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் டாலர் வீதம் கொடுத்துப் பார்த்தார்கள். விலைவாசி ஏறிவிடும் என்ற பயம் பலிக்கவில்லை. சராசரி ஏற்றம் 0.1 சதவீதம் அளவுதான். பணம் பெறாத அண்டை வீட்டாரின் வருமானமும் உயர்ந்தது. கொடுத்த ஒவ்வொரு டாலரும் வட்டாரத்தில் இரண்டு டாலருக்கு மேல் பொருளாதார நடவடிக்கையாகப் பெருகியது. பணம் பெற்றவர் பக்கத்துக் கடைக்காரரிடமும் பக்கத்துத் தச்சரிடமும் போய்ச் செலவழித்தார், அவ்வளவுதான். ஆனால் சந்தைக்குச் சரக்கே வராத போர்க்களத்திலோ பஞ்சத்திலோ இது அப்படியே செல்லும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். வாங்க எதுவும் இல்லாத இடத்தில் பணம் விலையைத்தான் ஏற்றும். அங்கே அரிசி மூட்டையாகவே போவது நல்லது.

இப்போது உங்கள் மூன்று பழக்கங்கள். ஆடை நிறுவனத்தைப் பொறுத்தவரை, ஓசையில்லாமல் வாங்காமல் விடுவதால் பலன் குறைவு என்பது என் கருத்து. ஏன் விட்டீர்கள் என்று நிறுவனத்துக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஆலையை மாற்றுவதுதான் அதற்கு எளிது. எழுதிக் கேளுங்கள்: வேலையில் குழந்தை இருப்பது தெரியவந்தால் ஆலையோடு உறவை முறித்துக்கொள்வீர்களா, அல்லது குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி அந்த வேலையைக் குடும்பத்துப் பெரியவருக்குக் கொடுக்கச் செய்வீர்களா? இரண்டாவதைச் செய்யும் நிறுவனத்திடம் தாராளமாக வாங்குங்கள். ராச்சல் ஹீத்தும் முஷ்பிக் மொபாரக்கும் வங்கதேசத்தில் கண்டதையும் நினைவில் வையுங்கள்: ஆடை ஆலைகள் வந்த ஊர்களில் பெண்பிள்ளைகள் கூடுதல் ஆண்டு படித்தார்கள், திருமணம் தள்ளிப்போனது. அந்த வேலைகள் தொலைந்து போவது யாருக்கும் வெற்றியாகாது.

துணியைக் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. நீங்களே தயங்காமல் உடுத்தும் நிலையில் உள்ளதை மட்டும் கொடுங்கள். கிழிந்ததையும் கறைபட்டதையும் உங்கள் ஊர்க் குப்பையாகவே கழித்துவிடுங்கள். இதனால் மட்டும் ஓர் ஆப்பிரிக்கத் தையல் ஆலை பிழைத்துவிடாது. பொதியைப் பிரிப்பவரின் நஷ்டம் நிச்சயம் குறையும்.

காபியில்தான் எனக்கே தெளிவு குறைவு. நியாய வணிக முத்திரை தரும் குறைந்தபட்ச விலை, உலக விலை வீழும்போது உழவரைத் தாங்குகிறது. உலக விலை அதற்கு மேல் இருக்கும்போது வேலை செய்வதில்லை. குவாத்தமாலாவை ஆராய்ந்தவர்கள், முத்திரைக்குத் தகுதி பெற்ற காபி தேவையைவிட அதிகமாகச் சேர்ந்துவிடுவதால் ஒரு பங்குதான் அந்த விலைக்கு விற்கிறது, சான்றிதழ்ச் செலவு மீதியைத் தின்றுவிடுகிறது என்றார்கள். கோஸ்டாரிகா ஆய்வில் தோட்ட உரிமையாளர்களுக்கு லாபம் தெரிந்தது. பழம் பறிக்கும் கூலியாட்களுக்குத் தெரியவில்லை. எத்தியோப்பியா, உகாண்டாவில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியொன்றின் குழு 2014இல் வெளியிட்ட அறிக்கையும் கூலித் தொழிலாளர் பக்கமே குறையைச் சுட்டியது. கெடுதல் என்று சொல்ல ஆதாரம் போதாது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசில் எவ்வளவு பறிப்பவர் கைக்குப் போகிறது என்பதுதான் சந்தேகம். சர்வதேச நியாய வணிக அமைப்பு காபிக்குச் சிறு உழவர் கூட்டுறவுகளை மட்டுமே ஏற்கிறது; 2011இல் அதிலிருந்து பிரிந்த அமெரிக்க அமைப்பு பெருந்தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டது. பொட்டலத்தில் எந்த அமைப்பின் முத்திரை என்று பாருங்கள். பிறகு, கூட்டுறவு உறுப்பினரான உழவர் வைத்திருக்கும் கூலியாளுக்கு என்ன கூலி என்று அந்த அமைப்பிடமே கேளுங்கள். பதில் வந்தால் இங்கே போடுங்கள், எனக்கும் வேண்டும்.